நந்தியின் காதில் சொன்ன எண்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் செம்பொட்டல் ஊராட்சி மன்றத் தலைவர் திரு. வேல்ராஜ் அவர்களே, மேடையில் இடம் கிடைத்த பெரியோர்களே, இடம் கிடைக்காமல் மேடையை ஒட்டி நிற்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் கணவர் பொன்னுச்சாமி அண்ணன் அவர்களே, மிளகாய்ப் பழம் பறிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

நான் பாண்டித்துரை. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர். டாக்டர் உமையாள் அவர்கள் எழுதிக் கொடுத்த மருந்தையெல்லாம் எடுத்துக் கொடுத்தவன். "சாப்பாட்டுக்கு முன்னால், சாப்பாட்டுக்குப் பின்னால்" என்பதைத் தாண்டி நான் மக்களிடம் உரையாற்றியதில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அம்மையாரை 'மின்னணு மருத்துவத்தின் தாய்' என்றார்கள். பின்னால் கட்டியிருக்கும் பதாகையிலும் அப்படித்தான் இருக்கிறது. அதில் அம்மையார் படத்தைவிடத் தலைவர் படம் சற்றுப் பெரிதாக அமைந்துவிட்டது. துக்கத்தின் அளவைக் காட்ட அச்சகத்தாருக்கு வேறு வழி தெரியவில்லை. தாய் என்றது சரிதான். ஆனால் எப்படித் தாயானார் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பொறுப்பை எனக்கு விட்டுவைத்தார்கள் போலும்.

டாக்டர் உமையாள் இங்கே வந்து சேர்ந்தபோது நம் ஊர் மாவட்டத்தில் முதலிடத்தில் இருந்தது. மின்னணு மருத்துவப் பதிவில் நூறு சதவீதம்! தொட்டில் பிள்ளைக்கும் கணக்கு, படுக்கையில் கிடப்பவருக்கும் கணக்கு. கேடயம் கொடுத்தார்கள். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியின் மேல் அது நின்றது. நூறு சதவீதம் என்பதில் பொய்யே கிடையாது. ஒரே ஒரு சிறப்பு, எல்லாருடைய கணக்குக்கும் ஒரே கைபேசி எண். அது நம் கூத்தையா அண்ணன் தேநீர்க் கடையின் எண்.

ஏன் அப்படி? பதிவு முகாம் நடந்தது அவர் கடை வாசலில். ஊருக்குள் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பதும் அங்கேதான். ஒவ்வொருவர் கைபேசிக்கும் ரகசிய எண் வந்து, அதைத் தேடி, கண்ணாடியைத் தேடி, படித்துச் சொல்லி... யாருக்குப் பொறுமை இருக்கிறது? முகாம் நடத்த வந்த ஊழியர்கள் மாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "அண்ணே, உங்க நம்பரையே போட்டுக்கிருவோமா?" என்றார்கள். "போடுங்க தம்பி, ஊருக்கு உதவாத நம்பரை வச்சு நான் என்ன செய்யப்போறேன்" என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து ஊரில் யாருக்குப் பரிசோதனை செய்தாலும் முடிவு கூத்தையா அண்ணனுக்கு வந்தது. அவர் அதைச் சும்மா படித்துவிட்டுப் போகவில்லை. நடவடிக்கையும் எடுத்தார்.

"மாப்ள, டீ என்ன இம்புட்டுச் சப்புன்னு இருக்கு?"

"உனக்குச் சர்க்கரை இருநூத்தி அறுபதாம்ல. சப்புன்னுதான் இருக்கும். குடி."

"டாக்டரம்மா இன்னும் என்கிட்டச் சொல்லவேயில்லையே!"

"சொல்லுவாக. எனக்கு முதல்ல வந்துருச்சு."

அண்ணன் அங்கன உட்கார்ந்து சிரிக்கிறார். சிரிக்க வேண்டியதுதான். அவருடைய கண்காணிப்பில் சிலருக்குச் சர்க்கரை குறைந்தது என்பதையும் மருந்தாளுநர் என்ற முறையில் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒருநாள் அவர் ஒருவருக்கு முட்டை கொடுத்தார்.

தமிழில் 'அவர்' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காத சொல். அதை இன்று முழுமையாகப் பயன்படுத்தப் போகிறேன். அந்த 'அவர்' கடைக்குத் தேநீர் குடிக்க வந்தார். கடையில் நல்ல கூட்டம். கூத்தையா அண்ணன் பாசத்தோடு ஓர் அவித்த முட்டையை நீட்டி, "காசு வேணாம். இனிமே தினமும் இங்கன வந்து முட்டை சாப்பிடணும். மாத்திரை ரொம்ப உக்கிரமானது" என்றார். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். வேறு ஒன்றுமே நடக்கவில்லை.

மறுநாள் முதல் அவர் மருந்து வாங்க வரவில்லை.

ஒட்டிக்கொள்ளும் என்று ஊர் அஞ்சும், மாதக்கணக்கில் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டிய வியாதி அது. சாப்பிட்டால் குணம். பாதியில் நிறுத்தினால் ஆள் மிஞ்ச மாட்டார். பெயர் உங்களில் பலருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். திரும்பிப் பார்க்காதீர்கள். மேடையைப் பாருங்கள்.

டாக்டர் உமையாள் அவருடைய மிளகாய்க் கொல்லைக்கே தேடிப் போனார். நானும் போனேன். அவர் வரப்பிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"அந்தப் போன்ல என் பேரு இருக்கிற வரைக்கும் நான் அங்கன வரமாட்டேன், டாக்டரம்மா. செத்தாலும் சரி."

"எடுத்துட்டு வாரேன். அதுவரைக்கும் மாத்திரையை விடாத" என்றார் அம்மையார். அதட்டவில்லை. அறிவுரை சொல்லவில்லை. எடுத்துட்டு வாரேன் என்றார், அவ்வளவுதான்.

சொன்னது சுலபம். ஒருவர் பெயரை மட்டும் எடுத்தால், எடுத்தது யார் பெயர் என்று ஊர் தேடும் அல்லவா? எடுத்தால் எல்லார் பெயரையும் எடுக்க வேண்டும். எடுத்தால் நூறு சதவீதம் போய்விடும். கேடயம் போய்விடும். போனால் போகிறது என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் அம்மையார் எழுந்து, "எங்கள் ஊரில் பதிவு செய்திருப்பவர் ஒரே ஒருவர். அவர் தேநீர்க் கடை வைத்திருக்கிறார்" என்றார். அதிகாரி ஒருவர் உண்மையிலேயே வருந்தினார். "கம்ப்யூட்டர்ல பச்சையா இருக்கே மேடம். பச்சையா இருக்கிறதை எதுக்குச் சிவப்பாக்குறீங்க?"

"பச்சையா இருக்கிற பக்கம் நோயாளி வர மாட்டேங்கிறாரே சார்."

கேடயத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தார். அந்த மாதம் செம்பொட்டல் மாவட்டத்திலேயே கடைசி. குளிர்பெட்டியின் மேல் இடம் காலியானது. நான் என் சாப்பாட்டுத் தூக்கை அங்கே வைத்துக்கொண்டேன்.

அப்புறம் தொடங்கியது உண்மையான வேலை. அவரவர் எண், அவரவர் கணக்கு, அவரவர் ரகசியம். ஆனால் ரகசிய எண் என்றால் நம் மக்களுக்கு என்ன? வந்ததும் வரிசையில் நின்றபடி ஊருக்கே கேட்கும்படி கத்துவதுதானே நம் வழக்கம்? பின்னால் நிற்பவர் அதைத் திருத்தியும் கொடுப்பார்! அம்மையார் அறிவிப்புப் பலகை வைத்தார். யாரும் படிக்கவில்லை. ஒருநாள் வரிசையில் முன்னால் நின்ற இராமலட்சுமி அக்காவிடம் சும்மா கேட்டார்.

"உத்தரகோசமங்கைக்குப் போனீங்களே, நந்தி காதுல என்ன சொன்னீங்க?"

"அதைப் போய்க் கேக்கலாமா டாக்டரம்மா? வெளிய சொன்னாப் பலிக்குமா?"

"போன்ல வந்த நம்பரும் அதுதான். வெளிய சொன்னா மருந்து பலிக்காது."

ஒரே வாரத்தில் ஊர் முழுக்க அதற்கு 'நந்தி நம்பர்' என்று பெயர் வந்துவிட்டது. வாயை இரு கையாலும் பொத்திக்கொண்டு வந்தார்கள். "கம்ப்யூட்டருக்குக் காது எங்கன இருக்கு?" என்று என்னிடம் கேட்டார்கள். "நீங்களே விசைப்பலகையில் தட்டுங்கள்" என்றால், தட்டிவிட்டு, "அப்படியே என் தங்கச்சிக்கும் ஒரு நல்ல இடம் அமையணும்" என்று அதனிடம் முணுமுணுத்தவர்களும் உண்டு. பலித்ததாகக் கேள்வி.

பிறகு ஓர் ஏமாற்றுக்காரன் இராமலட்சுமி அக்காவைப் போனில் கூப்பிட்டு, உங்கள் மருத்துவ அட்டை முடங்கப் போகிறது, வந்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள் என்றான். அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "ஏலே, நந்தி என்னைக்குலே போன் போட்டுக் காதைக் காட்டுச்சு?" அவ்வளவுதான், அவன் வைத்துவிட்டான். பாதுகாப்பைப் பற்றிப் பல பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து உறங்கியிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக எங்கும் கேட்டதில்லை.

அந்த 'அவர்' என்ன ஆனார்? பெயர் போனிலிருந்து போனதும் அவர் மருந்துக்குத் திரும்பினார். ஆனாலும் நிலையத்துக்கு வரக் கூச்சம். கண்மாய்க் கரையில் சிக்னல் கிடைக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்தே காணொளியில் டாக்டரம்மாவிடம் காட்டிக்கொண்டார்.

"டாக்டரம்மா, ஆடு மேய்க்கிறவுக வாராக. வச்சிரவா?"

"வை. அவுக போனதும் கூப்பிடு."

மருந்தை உரப்பையில் போட்டு நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாண்டித்துரை விவசாயத்தில் இறங்கிவிட்டார் என்று ஊர் பேசியது. பேசட்டும். அவர் குணமானார். இன்று நல்ல உடம்போடு இருக்கிறார். எங்கே இருக்கிறார் என்று கேட்காதீர்கள்.

அன்பானவர்களே, கடந்த ஆண்டிலிருந்தே டாக்டரம்மா அடிக்கடி மதுரைக்குப் போய் வந்தார். மெலிந்தார். ஆனாலும் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. நேற்று முன்தினம் நம்மை விட்டுப் போய்விட்டார். அந்த நேரத்திலிருந்து எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். டாக்டரம்மாவுக்கு என்ன வியாதி? தலைவர் கேட்டார். மேடையில் இருப்பவர்களில் பாதிப் பேர் கேட்டார்கள். "நிலையத்துக் கம்ப்யூட்டரில் இருக்குமே" என்றார்கள். இருக்கும். அவர் எண்ணைத் தட்டினால்தான் திறக்கும். அது எந்த நந்திக்குத் தெரியுமோ!

பொன்னுச்சாமி அண்ணனிடமும் கேட்டார்கள். துக்க வீட்டில், மாலை வைத்த கையோடு கேட்டார்கள். அண்ணன் சொன்னார்: "எங்கிட்டச் சொல்லிருக்கா. உங்ககிட்டச் சொல்லச் சொல்லல."

இதற்குமேல் ஓர் இரங்கல் உரை தேவையா?

இன்று காலை வெளியூர்க்காரர்கள் சிலர் தேநீர்க் கடையில் இறங்கி, "டாக்டரம்மா எதுல போனாங்க? உங்களுக்குத் தெரியாமல் இருக்காதே" என்று கூத்தையா அண்ணனிடம் கேட்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். ஊரின் இரத்தத்தையெல்லாம் ஒரு காலத்தில் விரல்நுனியில் வைத்திருந்த அண்ணன், தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார். "சர்க்கரை போடவா, வேண்டாமா? அதை மட்டும் நீங்க சொல்லுங்க."

டாக்டர் உமையாள் அவர்களே! உங்கள் நிலையம் நடக்கும். அவரவர் கணக்கு அவரவர் கையில் இருக்கும். மருந்துப் பையில் என்ன இருக்கிறது என்று உரப்பைக்குக்கூடத் தெரியாது. இது இங்கே கூடியிருக்கும் எல்லார் சார்பாகவும் நான் கொடுக்கும் வாக்கு. கேட்காமலே கொடுக்கிறேன், கேட்டால் தலைவர் தீர்மானமாக்கிவிடுவார்.

உங்களுக்கு என்ன வியாதி என்று எனக்குத் தெரியுமா, தெரியாதா? அதையும் சொல்ல மாட்டேன்.

இப்போது எல்லாரும் எழுந்து மௌனம் காப்போம். நிகழ்ச்சி நிரலில் ஒரு நிமிடம் என்று போட்டிருக்கிறது. உட்கார்ந்த பிறகும் தொடரலாம்.