நூற்றுப் பன்னிரண்டு அப்பாக்கள்

நூற்றுப் பன்னிரண்டு அப்பாக்களுக்கு என் கையால் பிரசவம் பார்த்திருக்கிறேன். சிரிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. விசாரணை அதிகாரி சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

மீன்வளத் துறை ஆய்வுக்கூடத்தில் முப்பத்தைந்து வருடம் உதவியாளனாக இருந்தேன். அங்கே என் பெயர் ‘அளப்பு’. விரல் அளவுத் தவளை என் வாயிலிருந்து வெளியே வரும்போது ஆட்டுக்குட்டி அளவாகியிருக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊருக்கு வெளியே ஓடும் ஓடையில் குழல்மீன் இருக்கிறது என்று சொன்னதில் கடுகளவும் அளப்பு இல்லை.

பென்சில் பருமன், உடம்பெல்லாம் எலும்பு வளையம், வாய் ஓர் ஊதுகுழல். கரைப் புல் தண்ணீருக்குள் தொங்கும் இடத்தில், தானும் ஒரு புல் என்பதுபோல் நிற்கும். கண்ணுக்கே தெரியாத நீர்ப்பூச்சியை உறிஞ்சித் தின்னும். பெண் முட்டையைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். ஆண்தான் வயிற்றின் அடியில் வரிசையாக ஒட்டவைத்துக்கொண்டு, பொரியும்வரை சுமக்கும். வலையில் லேசில் அகப்படாது. கையைப் புல்லோடு புல்லாக உருவிக்கொண்டே போகவேண்டும். எந்தப் புல் நெளிகிறதோ அதுதான் மீன்.

என் மகள் அதே துறையில் அதிகாரி. ஓடையின் இரு கரைக்கும் கான்கிரீட் போடப்போகிறார்கள். அரிய மீன் இருப்பதாக அவள் எழுதிக் கொடுத்தால் வேலை நிற்கும். அது நிற்கவேண்டும் என்றுதான் நானும் விரும்பினேன். இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைக் கொண்டுபோனேன்.

“எந்த வண்ணமீன் கடைப்பா?” என்றாள்.

பிறகு பத்து. வாளியில் செத்துவிடுவதால் ஃபார்மலின் பாட்டிலில்.

“ஆய்வுக்கூடத்துப் பழைய பாட்டில தூசி தட்டிக் கொண்டாந்தீங்களா? அம்மாகிட்ட விட்ட கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்பா. திங்கக்கிழமை எங்க ஆளுங்க இறங்கித் தேடுவாங்க. தண்ணியில உசுரோட பாத்தாத்தான் எழுதுவேன்.”

நியாயமான பேச்சு. ஆனால் அவர்கள் கண்டுபிடித்தால் அது அவள் மீனாகிவிடும். எனக்கு ஆறு நாள் இருந்தது. ஓடையின் ஒன்பது வளைவிலும் இறங்கினேன். ஆண்களை ஒன்றுவிடாமல் உருவி எடுத்தேன். பாட்டிலுக்குள் போனதும் சிலவற்றுக்கு அங்கேயே பிரசவம் ஆயிற்று. குஞ்சுகள் ஒரு நொடி நீந்தின, பார்க்க அழகாயிருந்தது. பெண்கள் எழுபது சொச்சம். ஆண் இல்லாத ஓடையில் முட்டையை யாரிடம் கொடுக்கும், பாவம் என்று அவற்றையும் எடுத்துக்கொண்டேன். நான் இரக்கமில்லாதவன் அல்ல.

எந்த வளைவு, எந்தத் தேதி என்று பாட்டில்தோறும் சீட்டு ஒட்டினேன். முப்பத்தைந்து வருடப் பழக்கம்.

அவளுடைய ஆட்கள் எட்டு நாள் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஒரு மீன் இல்லை. இப்போது கலவை இயந்திரம் கரையில் வந்து நிற்கிறது.

நேற்று, நான் அவள் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்த பாட்டில்களோடு வீட்டுக்கு வந்தாள். சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். நான் உருவியதில் புல் மொட்டையாகியிருந்த இடமெல்லாம் சீட்டோடு பொருந்தியிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் பாட்டில்களை வரிசையாக வைத்து எண்ணினாள். வெகுநேரம் எண்ணினாள்.

“நீங்க சொன்னது நிசம்தான்பா,” என்றாள். “அங்க இருந்துச்சு. ஆம்பள மீனு, வயித்துல முட்டையோட. இனிமே ஒண்ணுகூட இல்ல.”

பிறந்ததிலிருந்து அவள் என்னை நம்பியது நேற்றுதான்.

இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.