நான்காவது நட்டின் மஞ்சள் கோடு

பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளபடி. வயது 54. தொழில், பழைய கார்களின் எஞ்சின் வேலை. சொந்தப் பட்டறை.

இன்று வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தீயணைப்பு நிலைய அலுவலர் கொடுத்த அறிக்கையைக் காவல் ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். எரிந்த காரின் நான்காவது பெட்ரோல் குழாயின் நட்டு ஒன்றரைச் சுற்று தளர்ந்திருந்தது என்றும், தீ அந்த இடத்தில்தான் தொடங்கியது என்றும் அதில் உள்ளது. அதை நான் மறுக்கவில்லை.

அந்தக் கார் ஐம்பத்திரண்டு வருடம் பழையது, ஆறு சிலிண்டர். கார்புரேட்டர் கிடையாது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு பம்பு, பென்சில் தடிமன்கூட இல்லாத ஆறு இரும்புக் குழாய்கள் வழியாக ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டருக்கும், அதாவது தெளிப்பானுக்கும், பெட்ரோலை அழுத்தித் தள்ளும். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்க வழியில்லை, காதால் கேட்டுத்தான் சரி செய்ய வேண்டும். காரின் உரிமையாளர் பல் டாக்டர். நின்ற இடத்தில் எஞ்சின் ஏறி இறங்குகிறது, கரும்புகை வருகிறது என்று திங்கட்கிழமை கொண்டுவந்து விட்டார். செவ்வாய் முழுவதும் பம்பின் கம்பிகளையும் காற்று மூடிகளையும் அளந்து சரி செய்தேன். புகை நின்றது, நடுக்கம் நிற்கவில்லை.

அதன் பிறகு புதன் காலை ஒன்பது மணிக்கு எஞ்சினை ஓடவிட்டு, குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கேட்டேன். தளர்த்தும்போது சத்தம் இறங்கினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது என்று பொருள். நான்காவதில் சத்தம் மாறவில்லை. மற்ற ஐந்தையும் முடுக்கி, என் வழக்கப்படி ஒவ்வொன்றின் மேலும் பெயிண்ட் பேனாவால் ஒரு மஞ்சள் கோடு போட்டேன். ஸ்பேனரைக் கீழே வைக்கும் முன் கோடு போட வேண்டும் என்பது பட்டறை விதி. கோடு உள்ள நட்டில் மறுபடி ஸ்பேனர் போடுவதில்லை, அதற்கு மேல் முடுக்கினால் உள்ளே இருக்கும் செம்பு வாஷர் பிளந்துவிடும். அந்த விதியைப் போட்டவன் நான்.

அதன் பிறகு எஞ்சினை நிறுத்தி, நான்காவது இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டு மாட்டினேன். குழாயில் உள்ள காற்று வெளியேற நட்டை இரண்டு விரலால் மட்டும் திருகி வைத்தேன். எஞ்சினைச் சுழற்றி, பெட்ரோல் கசிந்து வந்ததும் ஸ்பேனர் போட வேண்டும். அந்த நேரத்தில் டாக்டரும் அவர் மனைவியும் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே வந்துவிட்டார்கள். அந்த அம்மா பள்ளி ஆசிரியை.

"நான் ஒரு நாளைக்கு ஆறு பல்லு புடுங்கினாலே கை வலிக்குது. நீங்க இதுக்கு எத்தனை புடுங்கினீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுதான் சார். சொத்தை இல்ல, அழுக்கு" என்றேன்.

"இவரு மொதல்ல கட்டினது இந்தக் காரைத்தான். நான் ரெண்டாந்தாரம்" என்று டீச்சரம்மா சொன்னார். எல்லோரும் சிரித்தோம். நான் கை கழுவப் போனேன். அதற்கு முன் ஸ்பேனர் போட்டேனா இல்லையா என்று, இதை எழுதும் ஏட்டு அவர்கள் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நினைவில்லை என்றே சொன்னேன்.

திரும்பி வந்து பார்த்தபோது ஆறு நட்டிலும் மஞ்சள் கோடு இருந்தது. பானெட்டை மூடினேன். அதன் பிறகு டாக்டர் ஓட்ட, நான் பின் சீட்டில் உட்கார்ந்து பத்து நிமிடம் சுற்றி வந்தோம். எஞ்சின் நடுங்கவில்லை. முன் சீட்டிலிருந்து டீச்சரம்மா, "பெட்ரோல் நாத்தம் வருதே, பரவாயில்லையா?" என்று கேட்டார். இன்ஜெக்டரைக் கழற்றி மாட்டினால் கொஞ்ச நேரம் வாடை இருப்பது வழக்கம். "பத்து நிமிஷத்துல போயிடும்மா" என்றேன். என்னைப் பட்டறையில் இறக்கிவிட்டபோதும் வாடை போகவில்லை. நான் பானெட்டைத் திறக்கவில்லை.

அன்று மாலை நாலே முக்காலுக்குப் பாலத்து ஏற்றத்தில் கார் தீப்பிடித்தது. டாக்டர் இறங்கிவிட்டார். டீச்சரம்மாவின் சீட் பெல்ட் கழலவில்லை. கத்தி வைத்து அறுத்ததாக ஆட்டோக்காரர் ஒருவர் சொன்னார்.

செய்தி வந்ததும், பட்டறையில் என்னோடு வேலை செய்யும் என் மனைவியின் தம்பி என்னிடம் வந்தார். காரைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பது அவர் வேலை, எல்லோரும் 'பாலிஷ்' என்றுதான் கூப்பிடுவார்கள். "மாமா, நாலாவதுல கோடு இல்லாம இருந்துச்சு. அஞ்சுல இருக்கு, ஒண்ணுல இல்லன்னா பாக்க நல்லாவா இருக்கும்? நீங்க மறந்துட்டீங்கன்னு நான்தான் இழுத்துவிட்டேன்" என்றார். கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

நேற்று அவர் கொடுத்த வாக்குமூலத்தில் பேனாவைத் தொடவில்லை என்று உள்ளதாக ஆய்வாளர் சொன்னார். இன்று காலை நான் கிளம்பும்போது என் மனைவி செருப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, "கோடு யாரு போட்டாங்கன்னு உங்களை யாரும் கேக்கப் போறதில்ல. அவனுக்கு ரெண்டு புள்ளைங்க" என்றாள். இங்கே அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

கோட்டைப் போட்டவர் என் மைத்துனர். முடுக்காத நட்டில் கோடு போட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. கோட்டைப் பார்த்து என் கையை நம்பியவன் நான். அந்த அம்மாவுக்குப் பதில் சொன்னவனும் நான்.

நான்காவது வாஷர் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. நசுங்கியிருந்தால் நான் ஸ்பேனர் போட்டிருக்கிறேன், அதிர்வில் நட்டு தளர்ந்திருக்கிறது. நசுங்காமல் இருந்தால் போடவில்லை. முடிவு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வரும் என்று ஆய்வாளர் சொன்னார். டீச்சரம்மாவின் தொண்டையில் மூச்சு விடப் போட்டிருக்கும் டியூபைத் திங்கட்கிழமை எடுத்துப் பார்ப்பதாகவும், அதன் பிறகே அவர் பேசுவாரா என்று தெரியும் என்றும் தீக்காயப் பிரிவு டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். யாரும் வற்புறுத்தாமல் நான் சொன்னது இதுதான், நடந்ததும் இதுதான். "நினைவில்லை" என்பதை அடித்துவிட்டு வேறு எழுதலாமா என்று ஏட்டு கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, அந்த வரியின் ஓரத்திலும் ஒரு கையெழுத்துப் போட்டேன்.

(ஒப்பம்)