சடைச்சி காட்டிய மகள்

பாளையக்காரங்க ஆண்ட காலம் அது. மழை எட்டிப் பார்க்காத எங்க உப்போடைப்பட்டியில சடைச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். பச்சை குத்துறவ. அந்த ஊர்ல பொம்பளையாப் பிறந்தா மோவாயில மூணு புள்ளி வேணும். எங்க போய்ச் செத்தாலும், முகத்தைப் பார்த்து 'இது உப்போடைப்பட்டிக்காரி'ன்னு ஊரு கொண்டுவந்து சேர்க்கணுமே, அதுக்குத்தான்.

ஒரு நாள் உச்சி வெயில்ல ஒரு குமரி ஓடி வந்தாளாம். பேரு இருளாயி. கோட்டையில வேலைக்காரி, அடி தாங்காம ஓடி வந்தவ. பிடிபட்டா சுண்ணாம்புக் காளவாசல் தீயில போட்டுருவாங்க. பின்னாலேயே சேவகங்க வர்றாங்க. 'மோவாயில பச்சை இல்லாத குமரி.' அவங்களுக்குச் சொல்லிவிட்ட அடையாளம் அவ்வளவுதான்.

சடைச்சி ஊசியை எடுத்தா. அகத்திக் கரியைத் தாய்ப்பால்ல குழைச்சா. குத்தினா, மூணு புள்ளி. ஆனா புதுப் பச்சை ரத்தம் கசியுமே, வீங்குமே! பார்த்ததும் தெரிஞ்சிருமே!

"அப்ப எல்லாரும் வாங்கடி"ன்னாளாம். பழைய பச்சை மேலேயே குத்தினா, குத்தினா, ஊரு மோவாயெல்லாம் வீங்குற வரைக்கும் குத்தினா.

"உம் மகளையாச்சும் விட்டுரு மதினி"ன்னா ஒருத்தி.

"எம் மகளை ஒளிச்சு வச்சா, எவடி எனக்கு மோவாயைக் காட்டுவா?"

சொல்லிக்கிட்டே மக அன்னமயிலுக்கும் குத்திட்டா.

குதிரை வந்துச்சு. சேவகத் தலைவன் இறங்கினான்.

"ஏ பொம்பள, என்ன ஊரே வீங்கிக் கிடக்கு?"

"அம்மனுக்கு நேர்ச்சை சாமி. குனிஞ்சீங்கன்னா உங்களுக்கும் மூணு வைக்கிறேன். மீசைக்குக் கீழ எடுப்பா இருக்கும்."

அவன் சிரிக்கலை. அந்த வயசுக் குமரிங்க ஊர்ல ரெண்டே பேரு. இருளாயியையும் அன்னமயிலையும் இழுத்து முன்னால நிறுத்தினான்.

"ரெண்டும் எம் மக"ன்னா சடைச்சி.

"உம் மக எதுன்னு ஒண்ணைக் காட்டு. இல்லாட்டி ரெண்டையும் கட்டிக் கொண்டுபோவேன்."

சடைச்சி இந்தப் பக்கம் பார்த்தா. அந்தப் பக்கம் பார்த்தா. இருளாயி போனா செத்தா. அன்னமயில் போனா, கோட்டையில இருக்கிறவங்க 'இவ அவ இல்லை'ன்னு திருப்பி அனுப்பிருவாங்க. அப்படித்தான் நினைச்சாளாம் பாவி. இருளாயி கையைப் பிடிச்சா.

"இவதான்."

அன்னமயில் ஆத்தாளை ஒரே ஒரு தடவை பார்த்தாளாம். பார்த்துட்டு, "அந்தம்மா சொல்றது சரிதான்யா. நான்தான் ஓடியாந்தவ"ன்னாளாம்.

கூட்டிட்டுப் போயிட்டான். சடைச்சி அழ முடியுமா? ஊரான் மகளுக்கு எவ மாரடிப்பா? குதிரைப் புழுதி அடங்குற வரைக்கும், இருளாயியைக் கட்டிப்பிடிச்சு, மக பிழைச்ச தாய் மாதிரி சிரிச்சுக்கிட்டே நின்னாளாம்.

அன்னமயில் திரும்பி வரலை. ஆளு மாறிப்போச்சுன்னு தெரிஞ்சா தன் தலை போகும்னு, சேவகன் வழியிலேயே வெட்டிட்டான்னு ஒரு பேச்சு. அவளைக் காளவாசல்லயே போட்டுட்டாங்கன்னு ஒரு பேச்சு. பிணமும் வரலை. சேதியும் வரலை.

இருளாயி வயித்து வழியா வந்தவங்கதான் நாங்க எல்லாரும். நினைச்சா சில நாள் சோறு இறங்காது.

மத்த ஊர்ல பச்சை குத்துறப்ப வலி தெரியாம இருக்கப் பாட்டுப் படிப்பாங்க. எங்க ஊர்ல படிக்கிறதில்லை. மூணாவது புள்ளி வச்சு ஊசியை எடுத்ததும், கூடியிருக்கிற பொம்பளைங்க அத்தனை பேரும் குரலெடுத்து அழுவாங்க. வெளியூர்ச் சம்பந்திங்க பதறுவாங்க, "நல்ல காரியத்துல என்னய்யா ஒப்பாரி?"ன்னு.

அது சடைச்சி அன்னைக்கு அழாத அழுகை. எத்தனை தலைமுறை அழுதும் இன்னும் தீரலை.