கல்லு வெச்ச மரம்

இல்ல சார், பட்டறைக்குள்ள வேணாம், வாசல்லயே பேசிக்குவோம். கொஞ்சம் மெதுவாவே பேசுங்க, எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காரு. வக்கீல் வீட்டுக் கதவப் பாத்துட்டு, அதே மாதிரி வேணும்னு வந்தீங்களா? அது ஆப்பிரிக்கத் தேக்கு. பேருதான் சார் தேக்கு, தேக்குக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல.

உழைக்கும், இல்லேங்கல. கரையான் கிட்ட வராது. ஆனா இழைக்கணுமே! மரத்தோட ரேகை இங்க ஒரு பக்கம் சாயும், நாலு விரக்கடை தள்ளி மறுபக்கம் சாயும். இழைப்புளிய எப்பிடித் தள்ளுனாலும் சிராய் பேத்துக்கிட்டுதான் வரும். உள்ள கல்லு வேற இருக்கும். சிரிக்காதீங்க சார், நெஜமாவே கல்லு. மரமே உள்ளுக்குள்ள வளத்து வெச்சிருக்கும், சுண்ணாம்பு மாதிரி. வெளிய ஒண்ணும் தெரியாது. ரம்பம் முட்டுச்சுன்னா பல்லு மொத்தமும் காலி.

இவரு மட்டும் எப்பிடி அறுத்தாருன்னா, மோப்பம் சார். கல்ல நெருங்குனா தூளோட வாடை மாறுமாம். அதுக்காகவே மூக்குல துணி கட்ட மாட்டாரு. நானும் தலபாடா அடிச்சுக்கிட்டேன். கட்டுனா கண்ணக் கட்டுன மாதிரிடி, போடின்னுடுவாரு. அந்த மஞ்சத் தூளத் தின்னே வக்கீல் வீட்டுக் கதவ முடிச்சாரு.

வேற மரத்துல, வேற பட்டறையில செஞ்சுக்கோங்களேன் சார். கூலி கூடத் தர்றீங்களா? அதுக்கில்ல சார்.

இருமலா? அவருதான். அந்தத் தூளு ஒத்துக்காம நுரையீரல் கெட்டுப் போச்சு. படுத்தா மூச்சு வராது, தலகாணிய அண்டக் குடுத்து ஒக்காந்தேதான் தூங்குறாரு. இன்னொரு தடவ தூளு உள்ள போனா ஆளு இல்லம்மான்னு டாக்டர் சொல்லிட்டாரு. கேக்குற ஆளா? போன வாரம் ஒருத்தர் வாசல் நெலைக்கு இதே மரத்தக் கேட்டு வந்தாரு. இவரு ஒடனே ரம்பத்தத் தூக்கிட்டாரு சார். கொஞ்ச நேரத்துல மூஞ்சி நீலம் பாரிச்சுப் போச்சு.

கட்டில் சத்தம் கேக்குதா? எந்திரிக்கிறாரு, நாம பேசுனது காதுல விழுந்துடுச்சு. சார், உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். வேணாம்னு சத்தமாச் சொல்லிட்டுப் போயிடுங்க. மரம் மட்டம்னு மட்டும் சொல்லிடாதீங்க, இருங்க காட்டுறேன்னு ரம்பத்த எடுத்துடுவாரு. அவரு வேலை மட்டம்னு சொல்லுங்க. வக்கீல் வீட்டுக் கதவப் பாத்தேன், கேவலமா இருக்குன்னு சொல்லுங்க. மனசு ஒடஞ்சு போயிப் படுத்துக்குவாரு. ஒடஞ்சாலும் உசுரோட இருக்கட்டும் சார். சொல்லுங்க, வந்துட்டாரு.