தள்ளி நின்று எடுக்கவும்

உங்கள் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கும் ரயில் படம் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது, இன்ஸ்பெக்டர். ஆணியில் தப்பில்லை, எடுத்தவர் கை சாய்ந்திருக்கிறது. ரயிலுக்குப் பக்கத்தில் நிற்கும் மின்கம்பத்தைப் பாருங்கள், தெரியும். பதினோரு வருஷமாகப் படங்களில் இந்தச் சாய்வையே பார்த்துப் பழகியதில் கண் தானாக அங்கே போய்விடுகிறது. மன்னியுங்கள்.

என் பெயர் சென்னகேசவன். வயது அறுபத்து மூன்று, வீடு துடியலூரில். பம்புக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறையை இப்போது மகள் ஹாரிகா பார்த்துக்கொள்கிறாள். எனக்கு மிச்சமிருப்பது ஒரு கேமராவும், ரயில்களைப் படம் எடுக்கும் எங்கள் குழுவும்தான். நூற்றுச் சொச்சம் பேர். பேங்க், பேக்கரி, கோழித் தீவனம் என்று ஆளுக்கொரு பிழைப்பு; ஞாயிற்றுக்கிழமையானால் தோளில் கேமரா. மாதம் ஒரு போட்டி. நடுவர் நான். எடுத்தவர் பெயரை மறைத்துப் படங்களைக் கொடுப்பார்கள். பத்துக்கு மார்க் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு துண்டுச் சீட்டில் கைப்படக் குறிப்பு எழுதித் தருவேன்.

லின்சி இரண்டு வருஷம் முன்பு சேர்ந்தாள். கருமத்தம்பட்டியில் பிசியோதெரபிஸ்ட். தறி ஓட்டுகிறவர்களின் தோள்பட்டை வலியைத் தீர்த்துச் சம்பாதித்ததில், யாரோ விற்ற பழைய கேமராவை வாங்கியிருந்தாள். முதல் படத்துக்கு நாலு போட்டேன். நியாயமான நாலு. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க சார், நாலுன்னா பாஸுங்களா, பெயிலுங்களா?"

"ரயிலு பாதி வெட்டுப்பட்டுப் போச்சு அம்மணி. ரொம்பக் கிட்ட நிக்கறீங்க. தள்ளி நின்னு எடுங்க."

"தள்ளி நின்னா ரயிலுதானுங்க தெரியும். உள்ள இருக்கறவங்க தெரிய மாட்டாங்களே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பதில் வீடு வரைக்கும் என் கூடவே வந்தது.

அதற்குப் பிறகு பெயரை மறைத்தாலும் அவள் படம் எனக்குத் தெரிந்துவிடும். எங்காவது ஒரு முகம் இருக்கும். கேமராவைப் பார்த்ததும் இட்லி மெல்லும் வாயைப் பொத்திக்கொள்ளும் ஒரு பெரியவர்; ஜன்னல் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு ஒரு பெண். ஐந்து போட்டேன், ஐந்தரை போட்டேன். சீட்டில் ஒரே வாக்கியம்: தள்ளி நின்று எடுக்கவும்.

போன ஆகஸ்டில் ஒரு சங்கடம். ஒரே காலை, ஒரே வண்டி, ஒரே வளைவு. ஒருவருக்கொருவர் தெரியாமல் நானும் லின்சியும் எடுத்திருக்கிறோம். குழுவின் செயலாளர் சுரேந்தர், பல்லடத்துக்காரர், இரண்டு படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். என்னுடையதில் இருபத்திரண்டு பெட்டியும் இருந்தன, ஒவ்வொரு ஜன்னலும் துல்லியம். அவளுடையதில் இன்ஜின் கலங்கியிருந்தது. மூன்றாவது பெட்டியின் கதவோரம் ஒரு அம்மா, குழந்தையின் கையைப் பிடித்து யாருக்கோ டாட்டா காட்ட வைக்கிறாள். குழந்தை வேறெங்கோ பார்க்கிறது.

"நம்ம சாரு படத்த டைம்டேபிளுக்கு அட்டையாப் போடலாமுங்க," என்றார் சுரேந்தர். "லின்சி படத்துல டிக்கெட் எடுத்து ஏறிப்போடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டையும் பிரிண்ட் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். பூதக்கண்ணாடி வைத்து அவள் படத்தில் பதினேழு குறை எண்ணினேன். எண்ணி முடித்த மறு நொடி கண் அந்தக் குழந்தைக்கே போனது. அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் ஸ்கூட்டர் சாவியைத் தேடத் தோன்றும். அந்த வளைவுக்குப் போய் அவள் நின்ற இடத்தில் நின்று பார்ப்பேன். வண்டி வரும். முகங்களும் வரும். என் படத்தில் மட்டும் ஜன்னல்கள்தான் விழும். "நைனா, ஒரு எடத்துல உக்காருங்க. பாக்கற எனக்கே தல சுத்துது," என்பாள் ஹாரிகா.

ஜனவரியில் சுரேந்தர் போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். வர்ற வருசம் நடுவரா லின்சியப் போட்டுப்போடலாமுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கலாமுங்க." வருடாந்திரக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

என் நாற்காலிக்காகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். கோணல் படத்துக்குப் பத்து போடுகிறவள் அந்த இடத்தில் உட்கார்ந்தால் குழு என்ன ஆகும்? அதுதான் என் கவலை. எங்கள் குழுவில் நான் எழுதிய விதி ஒன்று உண்டு: தண்டவாளத்துக்குள் நின்று எடுத்தால் படம் தள்ளுபடி, எடுத்தவருக்கு ஒரு வருஷம் தடை. அவள் அப்படி நிற்பதை நான் ஒரு படம் எடுத்தால் போதும். அவ்வளவுதான் திட்டம். இதுவரைக்கும் அவ்வளவுதான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சோமனூர் பக்கம் அந்த வளைவில் இரண்டு லைன். ஒன்றில் கோவையிலிருந்து வண்டி வரும், மற்றதில் திருப்பூரிலிருந்து. பராமரிப்புக்காக ஒரு லைனில் வண்டியே விடாமல் நிறுத்துவதைப் பிளாக் என்பார்கள். புதன்கிழமை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை திருப்பூர் லைனில் பிளாக் என்று, தண்டவாள வேலையில் இருக்கும் என் சொந்தக்காரப் பையன் வம்சி சொல்லியிருந்தான். அதை லின்சியிடம் சொன்னேன். கோவை வண்டியை முழுசாகப் பிடிக்க, காலியாக இருக்கும் அந்த லைனின் நடுதான் சரியான இடம் என்றேன்.

"ரூல் இருக்குதுங்களே சார்."

"வண்டியே வராத லைனுக்கு என்னங்க ரூலு? நடுவர் நாந்தானே சொல்றேன்."

"நீங்க சொன்னாச் சரிங்க சார். உங்ககிட்ட ஒரு ஏழு மார்க்காவது வாங்கோணுமுங்க."

புதன்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு வம்சியிடமிருந்து மெசேஜ். "பிளாக் நாளைக்குத் தள்ளியாச்சு மாமா." வளைவுக்குப் பக்கத்து மேட்டில் நின்று படித்தேன். மறுபடி ஒரு தரம் படித்தேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒன்பதுக்கு அவள் வந்தாள். இருவருக்கும் முட்டை பப்ஸ் வாங்கி வந்திருந்தாள். என்னுடையதை நின்றபடியே சாப்பிட்டேன், கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"பிளாக் உறுதிதானுங்களா சார்?"

நான் பொய் சொல்லிப் பழகாதவன். எனவே, "இன்னுங் கொஞ்சம் தள்ளி நில்லுங்க அம்மணி," என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டி அந்த லைனின் நடுவுக்குப் போனாள். திருப்பூர்ப் பக்கம் முதுகு. ஒன்பது பன்னிரண்டுக்குக் கோவை வண்டி வந்தது. கேமராவைத் தூக்கினாள். அதே நேரம் அவளுக்குப் பின்னால் வளைவில் இன்னொரு வண்டி. அது விடாமல் ஹாரன் அடித்தது. எதிரே வருகிற வண்டியின் ஹாரன் என்று நினைத்திருப்பாள்.

என்னிடமிருந்து பதினைந்து அடிதான் இருக்கும். கூப்பிட்டிருக்கலாம். கத்தினால் கை ஆடிவிடும். நான் ஷட்டரைப் பாதி அழுத்தி வைத்திருந்தேன்.

அடக்கத்தன்று அவளுடைய அம்மா ஜெபராணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னு எத்தன தடவ எழுதிக் குடுத்திருக்கீங்க சார். அவ கேக்கலீங்களே." சீட்டுகளையெல்லாம் பைபிளுக்குள் அடுக்கி வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் உங்கள் ஆட்களும் நான் எச்சரித்ததாக எழுதியிருக்கிறார்கள். அது பிழை. திருத்தத்தான் வந்தேன், பிழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. வண்டி வரும் என்று தெரிந்தே அவளை அங்கே நிறுத்தினேன்.

காரணம் என்று ஒரு இடம் காலியாக விட்டிருக்கிறீர்கள். பொறாமை என்று எழுதாதீர்கள். தரம் என்று எழுதுங்கள்.

இதோ என் கேமரா. கடைசிப் படம் அந்தக் காலையில் எடுத்தது. இரண்டு வண்டியும் நடுவில் அவளும், நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். அவளுடைய கேமராவும் உங்களிடம்தான் இருக்கிறது. அதே நொடியில் அவளும் ஒன்று எடுத்திருப்பாள். அதை நான் பார்க்கவில்லை, காட்டவும் வேண்டாம். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள், இன்ஸ்பெக்டர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மட்டும் பார்த்துவிடாதீர்கள்.