வெளித் தாழ்ப்பாள்

எனக்கு ஃபினாயில் வாசனை பிடிக்கும், மேடம். வீடு துடைப்பது, குளியலறை கழுவுவது எல்லாம் எங்கள் முகப்பேர் ஃப்ளாட்டில் என் வேலைதான். அழுக்கைப் பார்த்தால் எனக்குக் குமட்டும்.

என் பெயர் தமிழ்வாணன். ‘ஒரு அம்மா, மூணு ஆளு’ டிவி தொடருக்கு வசனம் எழுதுகிறேன். நான் ஸ்டேஷனுக்குள் வந்தபோது உங்கள் ஏட்டம்மா போனில் அதைத்தான் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஓர் அம்மாவுக்குள் மூன்று பேர். யார் எப்போது வெளியே வருவார்கள் என்று தெரியாமல் குடும்பம் தவிக்கும். நல்ல கற்பனை என்று பலர் பாராட்டினார்கள். என் மனைவி சரசாவைப் பார்த்துத்தான் எழுதினேன்.

சரசா அதிர்ந்து பேசமாட்டாள். சில நாட்களில் அவளுக்குள்ளிருந்து வேறொருத்தி வருவாள். பெயர் தாயம்மாள் என்பாள். “இன்னா நைனா, குந்திகினு பேனா ஓட்டிகினு கீற? ஊட்ல அரிசி கீதான்னு பாத்தியா?” என்பாள். நான் எழுதிக்கொள்வேன். அடுத்த வாரம் அது அப்படியே டிவியில் வரும். சரசா பார்த்துவிட்டு, “இந்தம்மா பேசுறது நல்லா இருக்குங்க” என்பாள். தன் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

பிளஸ் டூ படிக்கும் எங்கள் மகள் வர்ஷாதான் அவளை அம்பத்தூரில் ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப் போனாள். எட்டு மாதத்தில் தாயம்மாள் வருவது நின்றுவிட்டது. சரசா பாட்டுக்கூடப் பாட ஆரம்பித்தாள். தயாரிப்பாளர் ஸ்ரீகாந்த் போன் செய்தார். “சார், வசனத்துல உப்பே இல்ல. மூணாவது ஆளு யாருன்னு எப்பதான் காட்டப்போறீங்க?”

மூன்றாவது ஆளை நான் ஒரே ஒரு தடவை சந்தித்திருந்தேன். முன்பு ஒரு நாள் காற்றில் குளியலறைக் கதவு அடித்துச் சிக்கிக்கொண்டது. உள்ளே சரசா. சற்று நேரத்தில் ஆறு வயதுக் குழந்தையின் குரல் கேட்டது. “மாமா, இனிமே பாயில போகமாட்டேன் மாமா. தொறந்து விடுங்க மாமா.” சின்ன வயதில் பாயை நனைத்ததற்காக அவள் மாமா அவளை இருட்டறையில் போட்டுப் பூட்டுவாராம். கதவைத் திறந்தபோது தரையில் சுருண்டு கிடந்தாள். புடவையெல்லாம் ஈரம். மூத்திர நாற்றம். குமட்டலில் எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது.

அந்தக் கதவுக்கு வெளிப்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் உண்டு. ஸ்ரீகாந்த் கேட்ட பிறகு, வர்ஷா பள்ளிக்கூடம் போனதும், சரசா உள்ளே இருக்கும்போது அதைப் போடுவேன். ஆறாவது நிமிடத்தில் குழந்தை வந்துவிடும். எழுதி முடித்ததும் திறப்பேன். பிறகு இரண்டு வாளித் தண்ணீர், ஃபினாயில். சுகமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

“நல்லாத்தான இருந்தாங்க, மறுபடி ஏன் இப்படி?” என்று டாக்டர் கேட்டார். எனக்கும் புரியவில்லை என்றேன்.

டிவியில் அந்தக் கெஞ்சலுக்குச் சிரிப்புச் சத்தம் சேர்த்தார்கள். கீழ்வீட்டு ராகவன் சார் மாடிப்படியில் என்னை நிறுத்தி, “பாப்பா சீன் பாத்து சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிடுச்சு சார்” என்றார். அவர் பல்லில் கீரை ஒட்டியிருந்தது. அருவருப்பாக இருந்தது. இதற்குப்போய் மனிதர்கள் சிரிப்பார்களா?

போன வியாழக்கிழமை குத்தம்பாக்கம் பக்கம் ஷூட்டிங். நீளமான அழுகைக் காட்சி வேண்டும் என்றார்கள். காலை ஒன்பதரைக்குத் தாழ்ப்பாளைப் போட்டு, வெளியே ஒரு ஸ்டூலில் பழைய போனைப் பதிவில் வைத்தேன். அப்போது ஸ்ரீகாந்த் அவசரமாகக் கூப்பிட்டார். கிளம்பிவிட்டேன்.

மறந்துவிட்டதாக முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. பூந்தமல்லி தாண்டுவதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. திரும்பினால் ஒரு மணி நேரம் வீணாகும். நீளமாகவே பதிவாகட்டும் என்றும் தோன்றியது.

நாலரைக்கு வர்ஷா வந்து கதவைத் திறந்திருக்கிறாள். அந்தப் போனைத்தான் உங்களிடம் கொடுத்திருக்கிறாள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். முதலில் குழந்தை அழுதது. பிறகு எத்தனையோ மாதம் கழித்துத் தாயம்மாள் வந்து கதவை உதைத்தாள். “டேய், தொறடா. புள்ள பயந்துகினு கீதுடா.” கடைசியில் சரசா. “ஏங்க, வெளிய இருக்கீங்களா?” இரண்டு முறை கேட்டாள். அப்புறம் குழாய் சொட்டும் சத்தம் மட்டும். மூன்று பேரும் ஒரே நாளில் வந்தது அதுதான் முதல் தடவை. நான் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது சரசாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வர்ஷா வாசலில் நின்றாள். “இத எழுதி நீங்க போட்ட சோத்த இவ்ளோ நாள் தின்னிருக்கேன்” என்றாள். என் காலடியிலேயே வாந்தியெடுத்தாள். நான் வாளி எடுத்துவந்து துடைத்தேன்.

சரசா கண்ணைத் திறந்தபடியே படுத்திருக்கிறாளாம். பேசுவதில்லை, யாரையும் தெரியவில்லையாம். உள்ளே யாருமே இல்லாத மாதிரி இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். அவர் சொல்வதை நம்பாதீர்கள். நாலாவதாக ஒருத்தி நிச்சயம் இருப்பாள். என்னை ஒரு தடவை அங்கே அழைத்துப் போங்கள், ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் போதும். பதினெட்டு வருஷமாக அவளை என்னைப்போல் கவனித்துக்கொண்டவர்கள் வேறு யார் இருக்கிறார்கள், மேடம்?