ஆற்றை விட்டு மலையேறியவள்

— போச்சுக்கா, எல்லாம் போச்சு! நாலு மணி நேரம்! அத்தனை ஜோடியும் ஆத்து வழியா பனிவண்டியில பறக்குது, நீ என்னடான்னா மலையைச் சுத்தி இழுத்துட்டு வந்திருக்கே.

— எல்மர், முதல்ல இறங்கு. கன்னம் உறைஞ்சு வெள்ளையா கெடக்கு. தேய்க்காதே, உள்ளங்கையால பொத்திக்க.

— கன்னம் கெடக்கட்டும். பட்டறையில எவன் மூஞ்சியில முழிப்பேன்? "அக்காகூட ஓட்டப் போறியா, அப்ப கரண்டியும் எடுத்துக்க"ன்னு சிரிச்சானுங்க!

— என்கிட்டயும்தான் சிரிச்சாங்க. இந்தப் பந்தயத்துல இதுவரைக்கும் ஒரு பொம்பளையும் பந்தயம் முடியுற நோம் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததில்லையாம். கடைசியா போனாலும் சரி, நான் போய்ச் சேருவேன்.

— யாரது, ரெண்டு பனிக்கரடி? பனியைத் தட்டிட்டு முகத்தைக் காட்டுங்க, பாப்போம். அட, நம்ம வில்மா! உனலக்லீட் ஊர்ல பொறந்த சிங்கக்குட்டி!

— டோரா அத்தை! நீங்கதான் இந்தப் பந்தயச் சாவடியில பேர் பதியுறீங்களா?

— பின்னே? ரேடியோ வேற காலையிலேர்ந்து செத்துக் கெடக்கு. வா, கரிபூ மான்கறி சூப்பு கொதிக்குது.

— சூப்பு அப்புறம். முதல்ல பெட்ரோல்.

— கடைசி ஆளுக்கு என்னக்கா அவசரம்?

— ஏம்ப்பா எல்மர், எந்த வழியா வந்தீங்க?

— அதை ஏன் கேக்குறீங்க அத்தை! ஆத்தங்கரையில அக்கா வண்டியை நிறுத்தி, குனிஞ்சு பாத்தா. "பனிக்கடியில தண்ணி ஏறியிருக்கு"ன்னா. அவ்வளவுதான், மலைக்குத் திருப்பிட்டா!

— பனி சாம்பலா இருந்துச்சு அத்தை. இவன் ஆங்கரேஜ் பட்டணத்துல வண்டி ரிப்பேர் பண்ணிட்டிருந்தப்ப, பத்து வருஷம் அதே ஆத்துலதான் நான் விறகு இழுத்தேன். பின்னாடி வந்தவங்களுக்கெல்லாம் கையைக் காட்டிக் கத்தினேன். டாட்டா காட்டிட்டுப் போறாங்க! யாராவது மாட்டியிருப்பாங்க, ஆள் அனுப்புங்க.

— அனுப்பியாச்சும்மா. யாரையும் காணலைன்னதும் பாதி ஊரே கயித்தோட போயிருக்கு. தண்ணி முழங்காலுக்கு மேல இருக்காது, உசுருக்கு பயமில்ல. வண்டிங்கதான் பனிக்கூழுல உக்காந்திருக்கும்.

— யாரையும் காணலையா? அப்படின்னா?

— கையெழுத்தைப் போடு வில்மா. பேனாவை நெஞ்சுல வச்சு சூடாக்கித் தரேன், மை உறைஞ்சிடும்.

— எங்க போடணும்? பக்கம் காலியா இருக்கே. மத்தவங்க பேரெல்லாம் எங்க அத்தை?

— மத்தவங்களா? உங்களுக்கு முன்னாடி இங்க ஒரு ஈ காக்கா வரல, கண்ணு.